கட்டிக்கு எம்.எஸ்.ஐ சோதனை: கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பத்தின் அனுபவம்

பணம் கொடுத்து வாங்கியதில் சமீப காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், தம்பியின் கட்டியை எம்.எஸ்.ஐ சோதனைக்கு அனுப்பியதைத்தான் சொல்வேன். அவனுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. அந்தக் கட்டியின் டி.என்.ஏவில் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழை குவிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. சோதனை நல்ல சோதனை. அதை நடத்திக்கொடுத்த விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

லேபின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் போடவில்லை. இந்தச் சோதனையைப் பல லேப்கள் செய்கின்றன. நான் சொல்லப்போவது எந்த லேபுக்குப் போனாலும் உதவும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைப் பதிவதும், குன்னூர் ஏலத்துக்குப் போகும் சாம்பிள்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் என் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு சாம்பிள் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருக்கிறது, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் உண்டு. இந்த விஷயத்தில் அது நிறையவே கைகொடுத்தது.

தம்பிக்கு வயது 42. மாதக்கணக்கில் அசதி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இலை மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றும் ஏறவில்லை. கோவையில் ஒரு டாக்டர்தான், "இந்த வயசு ஆம்பளைக்கு ரத்தம் எங்கியோ போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆகணும்" என்று பிடிவாதமாக நின்றார். பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. அந்தப் பக்கம் வருகிற கட்டி பெரும்பாலும் இப்படித்தான், வலியோ அடைப்போ காட்டாமல் ரத்தசோகையாகவே வெளியே தெரியுமாம். கட்டியோடு சேர்த்துக் குடலின் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை. இரண்டாம் நிலை என்றார்கள்.

சரி, சோதனைக்கு வருகிறேன். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது அதன் டி.என்.ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. அந்த எழுத்துகளுக்கு நடுவே சில இடங்களில் ஒரே எழுத்தோ, ஒரே சின்னத் துண்டோ திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களுக்குத்தான் மைக்ரோசாட்டலைட் என்று பெயர். பாட்-26 என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஏ என்ற எழுத்து மட்டும் 26 முறை வரிசையாக நிற்கிறது. இலைக் கணக்கை ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பார்த்து எழுதும்போது, அடுத்தடுத்த வரிகளில் ஒரே எடை வந்தால் அங்கேதான் ஒரு வரி விட்டுப்போகும் அல்லது ஒரு வரி கூடிவிடும். செல்லுக்கும் அங்கேதான் தவறுகிறது. அதைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இந்தத் திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் பால் மோட்ரிச்சுக்கு 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த நான்கு புரதங்களில் ஒன்று வேலை செய்யாமல் போனால் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன. ஒரே எழுத்து வரும் இடங்களின் நீளம் கட்டிக்குள் கண்டபடி மாறிக்கிடக்கும். அந்த நிலைக்குப் பெயர்தான் மைக்ரோசாட்டலைட் இன்ஸ்டெபிலிட்டி, சுருக்கமாக எம்.எஸ்.ஐ. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதம் இந்த வகை.

இதை இரண்டு வழியில் பார்க்கிறார்கள். ஒன்று, அந்த நான்கு புரதங்களும் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஐ.எச்.சி என்பார்கள். தம்பிக்கு முதலில் அதைத்தான் ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள். அங்கிருந்த நோய்க்குறியியல் டாக்டரம்மா நல்ல மனசுக்காரர். நான் வாசலில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டதும், "உள்ளே வாங்க, நீங்களே பாருங்க" என்று மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். முதல் கண்ணாடித் துண்டில் எம்.எல்.எச்.1. எல்லாச் செல்லின் நடுவிலும் பழுப்பு நிறப் புள்ளி. இரண்டாவது எம்.எஸ்.எச்.2. இடையிடையே பழுப்புப் புள்ளிகள் தூவினாற்போலத் தெரிந்தன, ஆனால் பெரிய பெரிய வளையங்களாக நின்ற செல்களெல்லாம் வெறும் நீலம். "அந்த வளையம்தான் கட்டி. நடுவுல பழுப்பா இருக்கிறது தம்பியோட நல்ல செல்லுங்க. நல்ல செல்லு சாயம் ஏத்திருக்குதா, அப்ப சாயம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. கட்டியில மட்டும்தான் அந்தப் புரதம் இல்லை" என்றார். எம்.எஸ்.எச்.6-ம் அப்படியே நீலம். எம்.எஸ்.எச்.2 போனால் அதோடு ஜோடி சேர்ந்து நிற்கும் எம்.எஸ்.எச்.6-ம் நிலைக்காதாம். அதுபோல எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2-ம் போகும்.

ஒரு ரிப்போர்ட்டை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் ரிப்போர்ட்டில் நல்ல செல்கள் சாயம் ஏற்றியிருக்கின்றன என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி இல்லாமல் புரதம் இல்லை என்று மட்டும் போட்டிருந்தால், போய்க் கேளுங்கள்.

இரண்டாவது வழி பி.சி.ஆர். கட்டியின் டி.என்.ஏவையும் நல்ல திசு அல்லது ரத்தத்தின் டி.என்.ஏவையும் எடுத்து, குறிப்பிட்ட ஐந்து இடங்களின் நீளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கிறார்கள். ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் எம்.எஸ்.ஐ-ஹை. பெரும்பாலும் இரண்டு வழியும் ஒரே பதிலைத்தான் தரும். ஆனால் சில பேருக்குப் புரதம் சாயத்தில் தெரியும், வேலை மட்டும் செய்யாது. அப்படி இருந்தால் பி.சி.ஆர் பிடித்துவிடும். எங்கள் டாக்டர் இரண்டையும் பார்த்துவிடலாம் என்றார். அதற்குத்தான் வெளி லேப்.

லேபுக்குப் போவது மெழுகுக் கட்டி. ப்ளாக் என்கிறார்கள். வெட்டியெடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. நான் கேட்டதும் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். கூட்டின் ஓரத்தில் இருந்த எண்ணையும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ப்ளாக்குகள் பல இருக்கும். கட்டி நிறைய இருக்கிற ப்ளாக் எது என்று ஆஸ்பத்திரி டாக்டரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். பொதுவாக 20 சதவீதமாவது கட்டிச் செல்கள் இருந்தால்தான் பி.சி.ஆர் பதிலை நம்பமுடியும். ஃபார்மலினில் ரொம்ப நாள் கிடந்தாலும் டி.என்.ஏ துண்டு துண்டாகிவிடும். சனிக்கிழமை ஆபரேஷன் முடிந்து திங்கட்கிழமை வரை யாரும் தொடாமல் வைத்துவிடுகிற இடமா என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.

இனி மனக்குறை. ஒப்பிடுவதற்கான ரத்தத்தை லேபின் கலெக்ஷன் சென்டரில் எடுத்தார்கள். ஊதா மூடி போட்ட குழாய். ஒட்டிய சீட்டில் தம்பியின் இனிஷியல் தவறு. எங்கள் பக்கம் ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், இனிஷியல்தான் ஆளைக் காட்டும். நான் சொன்னபோது அந்தப் பையன், "பரவால்லைங்க, பார்கோடு இருக்குது" என்றான். ப்ளாக் ஒரு பெயரில், ரத்தம் ஒரு பெயரில் போனால் யாருடையதை யாரோடு ஒப்பிடுவார்கள்? புதுச் சீட்டு அடித்து ஒட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அவன் முகம் கடுத்தது. கடுக்கட்டும். தேயிலைச் சாம்பிளில் சீட்டு மாறினால் நஷ்டம் பணத்தோடு போகும். இது ஒருவனுடைய உயிர்.

ரிப்போர்ட் வந்த விதம்தான் என்னை மிகவும் வருத்தியது. ராத்திரி நேரத்தில் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு பிடிஎஃப். முன்னாலும் பின்னாலும் ஒரு போன் கிடையாது. முழுக்க ஆங்கிலம். வரைபடத்தில் மேலே நல்ல திசு, கீழே கட்டி. மேலே ஒரே இடத்தில் கூம்பு மாதிரி நின்ற கோடுகள் கீழே இடது பக்கம் சரிந்து கிடந்தன, அதாவது அந்த இடம் நீளம் குறைந்துபோயிருக்கிறது. ஐந்து இடங்களும் அப்படியே. தம்பி அதைப் பார்த்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டான். "என்னக்கா, இனி அவ்வளவுதானா?" என்று அந்த நேரத்தில் போன் செய்தான். அன்று இரவு அவன் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அடுத்த நாள் அரவேனு, குஞ்சப்பனை வழியாகக் கீழே இறங்குகிற பஸ்ஸில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சொன்னது, "இது நல்ல செய்திங்க."

நல்ல செய்திதான். இரண்டாம் நிலையில் எம்.எஸ்.ஐ-ஹை இருக்கிற பெருங்குடல் கட்டி மற்றவற்றைவிடத் திரும்பி வருவது குறைவு. அந்த நிலையில் வழக்கமாகக் கொடுக்கும் கீமோ மாத்திரையால் இந்த வகைக்குப் பலன் இல்லை என்பதும் தெரிந்த விஷயம். தம்பிக்கு அந்த மாத்திரையை ஆறு மாதம் கொடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. அது வேண்டாம், தவறாமல் வந்து பரிசோதித்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். கை கால் தோல் உரிந்து, வயிற்றுப்போக்கில் படுத்துக் கிடந்திருக்க வேண்டியவன் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்ட செய்தியை ஒரு மனிதர் வாயால் சொல்லாமல் ராத்திரியில் பிடிஎஃப்பாக அனுப்புகிற வழக்கத்தை லேப்கள் நிறுத்தவேண்டும். கேட்டதற்கு, "ரிப்போர்ட் கொடுக்கிறதுதாங்க எங்க வேலை, விளக்கம் டாக்டர் கொடுப்பார்" என்றார்கள். ரிப்போர்ட்டை டாக்டருக்கு முதலில் அனுப்புங்கள், நோயாளிக்கு அவர் பார்த்த பிறகு அனுப்புங்கள் என்று படிவத்திலேயே எழுதிக் கேட்கலாம். இப்போது எங்கள் வீட்டில் எல்லாச் சோதனைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.

அப்புறம் குடும்ப விஷயம். எனக்கு இந்தச் சோதனையின் பெரிய பலனே அதுதான். எம்.எஸ்.எச்.2 இல்லாத கட்டி என்றால் பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரபணு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தார். "உங்க அப்பா?" வயிற்றுக்கட்டியில் போனார், 49 வயது. சதுரத்தைக் கறுப்பாக்கினார். "அப்பாகூடப் பொறந்தவங்க?" அத்தை, கர்ப்பப்பையில் கட்டி. வட்டத்தைக் கறுப்பாக்கினார். தாத்தாவும் வயிற்றுக் கோளாறில் போனதாகத்தான் சொல்வார்கள். அந்தச் சதுரத்தில் கேள்விக்குறி போட்டார். குலதெய்வக் குற்றம் என்றும், யாரோ வைத்த வினை என்றும் எங்கள் வீட்டில் பேசாத பேச்சில்லை. அந்தத் தாளில் எல்லாம் ஒரே கோட்டில் இறங்கி வந்து தம்பியிடம் நின்றது.

இதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். 1966-ல் ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி எழுதினார். அதற்கும் முன்னாலேயே, 1895-ல், மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண் வார்தின் என்ற மருத்துவரிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ கட்டி வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனாள். அவர் அந்தக் குடும்பத்தைத் தேடி எழுதி 1913-ல் வெளியிட்டார். ஆலோசகர் இதைச் சொன்னபோது எனக்கு அத்தை ஞாபகம்தான். "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அம்பது தாண்டாது" என்று அவளும் சொல்லிக்கொண்டே இருப்பாள். சிரித்து விட்டுவிடுவோம். அவள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு டாக்டர் அவளுக்கு வாய்க்கவில்லை.

கட்டியில் செய்கிற எம்.எஸ்.ஐ சோதனை பரம்பரையா இல்லையா என்று முடிவாகச் சொல்லாது. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.எச்.1 இல்லாமல் போகிற கட்டிகளில் பெரும்பாலானவை வயதானவர்களுக்குத் தானாக வருபவை. அந்த மரபணு பிற்காலத்தில் அந்தக் கட்டிக்குள் மட்டும் அணைந்துபோயிருக்கும். பி.ஆர்.ஏ.எஃப் என்ற இன்னொரு சோதனை செய்து அதைப் பிரித்தறிவார்கள். பரம்பரை என்று உறுதி செய்ய ரத்தத்தில் மரபணுவைப் படிக்கவேண்டும். தம்பிக்கு அதில் எம்.எஸ்.எச்.2-ல் கோளாறு இருப்பது உறுதியானது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. தம்பிக்கு எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டதால் எனக்கும் தங்கைக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தார்கள். செலவும் குறைவு. தங்கைக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

எனக்கு இருக்கிறது என்று தெரிந்ததில் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபியில், முதல் தடவையிலேயே ஒரு சின்னப் பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதைமொட்டு) இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பாலிப் சில வருடங்களிலேயே புற்றாக மாறிவிடலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் பார்க்கவேண்டும். 20, 25 வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். கருப்பையை எடுத்துவிடலாமா என்று மகப்பேறு டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பிரின் பற்றியும் கேட்டேன். லிஞ்ச் உள்ளவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு குறைகிறது என்று பெரிய ஆய்வே இருக்கிறது. ஆனால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்லவேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நோய் பரவிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசரம். எம்.எஸ்.ஐ-ஹை கட்டிகளில் பிழை குவிந்து கிடப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது அந்நியமாகத் தெரியும். அந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற மருந்து பெம்ப்ரோலிசுமாப். எந்த உறுப்பில் கட்டி வந்திருந்தாலும் எம்.எஸ்.ஐ-ஹை என்றால் கொடுக்கலாம் என்று 2017 மே மாதம் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். உறுப்பைப் பார்க்காமல் மரபணுவைப் பார்த்து ஒரு புற்று மருந்துக்குக் கிடைத்த முதல் அனுமதி அது. பரவிய பெருங்குடல் புற்றில் கீமோவோடு ஒப்பிட்டபோது, நோய் மேலும் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் தாண்டிய காலம்) 8.2 மாதத்திலிருந்து 16.5 மாதமாக ஆனது. இதே வகை மலக்குடல் கட்டிக்கு 2022-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்துச் சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அதனால் மலக்குடல் கட்டி என்றால், கதிர்வீச்சோ அறுவையோ தொடங்கும் முன்பே பயாப்ஸித் துண்டில் இந்தச் சோதனையைச் செய்துவிடச் சொல்லுங்கள். மருந்து லட்சக்கணக்கில் ஆகும், அது உண்மை. ஆனாலும் தகுதி இருக்கிறதா என்றே தெரியாமல் இருப்பது வேறு.

எங்களிடம் ஐ.எச்.சிக்கு 7,000 ரூபாயும் பி.சி.ஆருக்கு 9,500 ரூபாயும் வாங்கினார்கள். எங்கள் காப்பீட்டில் இரண்டுமே வரவில்லை. இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பணம் இடித்தால் ஐ.எச்.சி மட்டும் முதலில் செய்தால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அதிலேயே பதில் வந்துவிடும்.

மதிப்பெண் போடச் சொன்னால் சோதனைக்கு ஐந்துக்கு ஐந்து. மைக்ரோஸ்கோப்பில் காட்டிய டாக்டரம்மாவுக்கும், வட்டமும் சதுரமும் போட்ட அந்தப் பெண்ணுக்கும் ஐந்துக்கு மேல் இருந்தால் அதையும் கொடுப்பேன். லேபின் வேலைக்கு நான்கு, நோயாளியிடம் நடந்துகொண்ட விதத்துக்கு ஒன்று.

மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று. ரத்தம் கொடுக்க வெள்ளி, சனி போகாதீர்கள், குழாய் வார இறுதி முழுக்கக் கலெக்ஷன் சென்டரிலேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் கூரியரும் நிற்கும், அதனால் ப்ளாக்கைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து அனுப்பாமல் கோவையிலேயே கொடுத்துவிடுங்கள். போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல், ஆதார், டாக்டர் சீட்டு, அதோடு வீட்டில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன கட்டி வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். தாத்தாவின் சதுரத்தில் இருக்கும் கேள்விக்குறிக்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆள் இல்லை.